பால்பல் மாதங்கள்

நாய்க்கடி என்றால் நமக்குத் தெருநாய்தான் நினைவுக்கு வரும். 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி டெல்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. 22-ஆம் தேதி அதைத் திருத்தி, கருத்தடை செய்து ஊசி போட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக் கூடாது என்றது. இடைப்பட்ட நாட்களில் டீக்கடை பெஞ்சு முதல் தொலைக்காட்சி விவாதம் வரை ஆளுக்கொரு கட்சி எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியபோது பேச்சு வளர்ப்பு நாய் பக்கம் திரும்பியது. அதுவும் எந்த இனத்தைத் தடை செய்யலாம் என்பதோடு நின்றுவிட்டது. 23 இனங்களைத் தடுக்கச் சொல்லி 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தைக் கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே ரத்து செய்தது. இத்தனை சத்தத்திலும் ஒரு கேள்வியை யாரும் தொடவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாளே கையைக் கவ்வுகிற குட்டி, கடிக்கக் கூடாது என்பதை எங்கே, யாரிடம் கற்றுக்கொள்கிறது?

அச்சரப்பாக்கத்தை வைத்து இதைப் பார்க்கலாம். சென்னை திருச்சி நெடுஞ்சாலை ஓரத்து ஊர். ஆட்சீஸ்வரர் கோயில், மழைமலை மாதா, ரயில் நிலையம், கடைத்தெரு, அதைத் தாண்டினால் ஏரியும் கழனியும். மழை ஓய்ந்து மார்கழி பிறந்தால் எந்தத் தெருவிலும் ஒரு நாய் குட்டி போட்டிருக்கும். நிறுத்தி வைத்த லாரிக்கு அடியில், மூடிக் கிடக்கும் கடையின் படிக்குக் கீழே, கட்டி முடிக்காத வீட்டு மணல் மேட்டில் என்று நாலும் ஐந்துமாகக் குட்டிகள். பக்கத்து மேல்மருவத்தூருக்குச் சிவப்பு உடுத்தி இருமுடி சுமந்து வருகிற கூட்டமும் அதே மாதங்களில்தான். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவர்கள் பிய்த்துப் போடும் இட்லியிலும் பிஸ்கட்டிலும் ஊர்க் குட்டிகள் பாதி வளர்ந்துவிடுகின்றன. தை பிறந்ததும் "அந்த வெள்ளக் குட்டி எனக்கு" என்று சிறுவர்கள் பங்கு பிரிப்பார்கள். ஆண் குட்டிகள் முதலில் போகும். பொட்டைக் குட்டிகளைச் சீந்துவாரில்லை.

ஊருக்குள் குட்டி வருவதற்கு வேறு வழிகளும் உண்டு. சென்னை பிராட்வே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அட்டைப் பெட்டியோடு வாங்கி வருவார்கள். உறவினர் வீட்டு லேப்ரடார் ஈன்றது என்று ஒன்று வரும். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ தேடிப் போவார்கள். எந்த வழியில் வந்தாலும் ஒன்று மட்டும் மாறுவதில்லை. பெரும்பாலும் அது 30 அல்லது 40 நாள் குட்டி. "சின்னதா இருக்கறப்பவே எடுத்துடணும், அப்பதான் நம்ம கிட்ட ஒட்டும்" என்பது ஊர் வழக்கு. இந்தக் கட்டுரையின் வாதமெல்லாம் அந்த வழக்கோடுதான்.

முதலில் பல்லைப் பார்த்துவிடுவோம். குட்டிக்கு மூன்றாவது வாரத்தில் பால்பல் முளைக்கத் தொடங்கி, ஆறாவது வாரத்துக்குள் 28 பற்கள் வந்துவிடும். ஊசி முனைபோல் மெல்லியவை. தாடையில் பலமில்லாததால் ஆழமாக இறங்காது, ஆனால் பட்ட இடத்தில் சுரீர் என்று வலிக்கும். நாலாவது மாதம் நெருங்கும்போது பால்பல் விழுந்து, ஆறேழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் அமைந்துவிடும். அதற்குள் தாடையும் வலுத்துவிடும். ஆக, பல் கூர்மையாகவும் தாடை பலவீனமாகவும் இருக்கிற சில மாதங்கள்தான் கற்க வாய்த்த காலம். அப்போது செய்த தவறு தோலில் கோடு போடுவதோடு போகும். ஏழாவது மாதத்தில் அதே தவறு தையல் போட வைக்கும்.

இந்தக் காலத்தின் முதல் பாடத்தை மனிதர்கள் நடத்துவதில்லை. தெருமுனையில் ஒரு ஈற்றுக் குட்டிகள் விளையாடுவதைக் கால் மணி நேரம் நின்று பார்த்தால் போதும். ஒன்று இன்னொன்றின் காதைக் கவ்வி இழுக்கும். இழுத்த வேகம் அதிகமானால் கடிபட்டது 'கீச்' என்று கத்திவிட்டு விலகிப்போய் உட்கார்ந்துகொள்ளும். கவ்விய குட்டிக்கு விளையாட ஆளில்லாமல் போகும். கொஞ்ச நேரம் தவித்துவிட்டு முன்காலைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி வாலாட்டிக் கூப்பிடும். அடுத்த முறை பல்லை அழுத்தாது. தாயும் இதில் கறாரானவள்தான். நாலைந்து வாரத்துக்குப் பிறகு, பல் முளைத்த வாயோடு மடி தேடி வரும் குட்டியை அவள் பழையபடி விடுவதில்லை. எழுந்து நடந்துவிடுவாள், அல்லது உறுமுவாள், அல்லது குட்டியின் மூக்கின் மேல் வாயை வைத்து அழுத்தாமல் எடுப்பாள். மேற்கு வங்காளத்தின் காட்வா ஊரில் தெருநாய்களின் ஈற்றுகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த எஸ்.கே. பாலும், கொல்கத்தாவின் ஐசர் (IISER) அறிவியல் கல்வி நிறுவனத்தில் நாய் ஆய்வுக் குழு நடத்தும் அனிந்திதா பத்ராவும் எழுதியவற்றில், பால் மறக்கடிக்கும் இந்தத் தாய்க் குட்டிச் சச்சரவும் குட்டிகளின் விளையாட்டும் விரிவாகவே பதிவாகியிருக்கின்றன. நாய் நடத்தை பற்றிய உலக இலக்கியத்தில் பெரும்பகுதி மேலைநாட்டு வீட்டு நாயை வைத்து எழுதப்பட்டது. நம் தெருவில் படுத்திருக்கும் நாயைப் பற்றி நம் ஆட்களே எழுதியது குறைவு என்பதால் இவர்கள் உழைப்புக்கு மதிப்பு அதிகம்.

முப்பது நாளில் எடுத்துவரும் குட்டிக்கு இந்தப் பள்ளிக்கூடம் தொடங்கிய கையோடு மூடப்படுகிறது. நாய் ஆய்வில் இன்றும் அடிப்படை நூலாக எண்ணப்படுவது ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் 1965-இல் வெளியிட்ட நூல். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பதிமூன்று ஆண்டுகள் நடந்த சோதனையின் விளைவு அது. மூன்றாவது வாரம் முதல் சுமார் பன்னிரண்டாவது வாரம் வரை குட்டியின் மனம் திறந்திருக்கிறது, அப்போது பழகிய உயிர்களையே அது தன் இனமாக ஏற்கும் என்பது அவர்கள் கண்டது. பதினான்கு வாரம் வரை மனிதரையே காணாமல் வளர்த்த குட்டிகள் காட்டு விலங்குபோல் ஒதுங்கின. இதைப் படித்துவிட்டு "அப்ப சீக்கிரம் எடுத்ததுதான் சரி" என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதே காலத்தின் முன்பாதி தாய்க்கும் உடன்பிறப்புக்கும் உரியது. 2011-இல் இத்தாலியில் நடந்த ஆய்வு ஒன்று, 30 முதல் 40 நாளில் பிரிக்கப்பட்ட நாய்களையும் இரண்டு மாதத்தில் பிரிக்கப்பட்டவற்றையும் வளர்ந்தபின் ஒப்பிட்டது. முந்தி பிரித்தவற்றில் ஓயாத குரைப்பு, பொருளைக் கடித்து நாசமாக்குவது, சோற்றுத் தட்டருகே யாரையும் விடாதது, சத்தத்துக்கு மிரள்வது எல்லாமே கூடுதலாகத் தெரிந்தன. நம் நாட்டுச் சட்டமும் இந்தப் பக்கம்தான். நாய் வளர்ப்பு, விற்பனை குறித்த 2017-ஆம் ஆண்டு விதிகள் எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவே தடை விதிக்கின்றன. சந்தையில் அந்த விதியை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

ஊர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "ரெண்டு மாசம் வரைக்கும் ரோட்டுல விட்டா குட்டி மிஞ்சுமாப்பா?" இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. பத்ராவின் குழு மேற்கு வங்காளத்தில் 95 ஈற்றுகளில் பிறந்த 364 தெருநாய்க் குட்டிகளைப் பின்தொடர்ந்தது. இனப்பெருக்க வயது வரை பிழைத்தவை 19 விழுக்காடுதான். இறந்தவற்றில் 63 விழுக்காட்டுக்கு ஏதோ ஒரு வகையில் மனிதர்கள் காரணம். வாகனம் ஏறியது, விஷம் வைத்தது, அடித்தது, தூக்கிப்போனது எல்லாம் அதில் அடக்கம். நான்கு வழிச் சாலையை ஒட்டிய ஊரில் நிலைமை இதைவிட நன்றாயிருக்க வழியில்லை.

ஆனால் இரண்டே வழிதான் இருக்கிறது என்று யார் சொன்னது? குட்டியை மட்டும் தூக்கி வராமல் தாயோடும் மற்ற குட்டிகளோடும் கொல்லைப்புறத்துக்கு வரவழைக்கலாம். ஒரு பழைய சாக்கு, மேலே ஓலையோ தகரமோ, தாய்க்கு இரண்டு வேளைச் சோறு. தெருநாய்த் தாய்க்கு வேறென்ன வேண்டும்? மூன்றாவது வாரத்திலிருந்து வீட்டார் தினமும் போய்த் தூக்கி, தடவி, கையால் ஊட்டினால் மனிதப் பழக்கமும் நின்றுவிடாது. ஒரே தெருவில் நாலு வீட்டார் நாலு குட்டிக்கு ஆசைப்படுகிறார்கள் என்றால், அறுபதாம் நாள் வரை ஒரு கொல்லையில் வைத்துப் பார்த்துக்கொண்டு பிறகு பிரித்துக்கொள்வதில் என்ன கஷ்டம்? மாடிக் குடியிருப்பில் வாழும் சென்னைக்காரருக்குக் கிடைக்காத வசதி இது. அச்சரப்பாக்கத்தில் கொல்லை இருக்கிறது, தாய் தெருவிலேயே இருக்கிறது. குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை செய்ய ஏற்பாடு செய்துவிட்டால் அடுத்த மார்கழிக்கு அதே லாரியடியில் இன்னொரு கூட்டம் பிறக்காது. கருத்தடை வழி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னையில் 1959-இல் தோன்றிய விலங்குநல அமைப்பான புளூ கிராஸ் 1960-களிலேயே இதைத் தொடங்கிவிட்டது, மாநகராட்சி 1996-இல் ஏற்றுக்கொண்டது.

குட்டி வீட்டுக்கு வந்தாயிற்று. இனி நம் பாடு. ஊர் வைத்தியம் மூன்று வகை: அடி, கசப்பு, சங்கிலி. மூக்கில் சுண்டுவது, முகவாயைச் சேர்த்துப் பிடித்து உலுக்குவது, செருப்பைக் காட்டுவது எல்லாம் முதல் வகை. குழந்தையின் விரல் சூப்பலை நிறுத்தத் தடவுகிற வேப்பெண்ணெயைக் கையிலும் மேசைக் காலிலும் தடவுவது இரண்டாவது. மேசைக் காலுக்கு அது ஓரளவு பலிக்கும். கைக்குப் பலிப்பதில்லை, ஏனென்றால் குட்டி கையைத் தேடி வருவது ருசிக்கு இல்லை, விளையாட்டுக்கு. மூன்றாவது, கடிக்கிற குட்டியைத் தூணில் கட்டிப் போடுவது. கட்டிய இடத்தில் அது கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. யாராவது பக்கத்தில் போனால் அத்தனை நேரத்து ஏக்கமும் சேர்ந்து முன்னைவிட முரட்டுத்தனமாகப் பாயும். "பாத்தியா, அவுத்தா கடிக்குது" என்று மறுபடி கட்டுவார்கள்.

அடிக்கு ஊரில் மட்டுமல்ல, உலகத்திலேயே நீண்ட வரலாறு உண்டு. ஜெர்மானியக் காவல் நாய்ப் பயிற்சியாளர் கொன்ராட் மோஸ்ட் 1910-இல் எழுதிய கையேடு தொடங்கி இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும் இழுப்பும் அடியுமே பயிற்சியின் அச்சாணியாக இருந்தன. ருடால்ஃப் ஷெங்கல் 1947-இல் வெளியிட்ட ஓநாய் ஆய்வு இதற்கு ஒரு தத்துவ முலாமும் பூசியது. ஸ்விட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சி சாலையில் அடைபட்ட ஓநாய்கள் ஒன்றையொன்று அடக்கி ஆள்வதைக் கண்டு அவர் எழுதியதிலிருந்து, நாயும் வீட்டில் தலைமைக்குப் போட்டி போடுகிறது, அதைக் கவிழ்த்துப் போட்டு அடக்க வேண்டும் என்ற போதனை கிளைத்தது. நியூயார்க் மாநிலத்து நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள் 1978-இல் எழுதிய நூல் குட்டியை மல்லாத்தி அழுத்திப் பிடிக்கும் முறையை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. 2002-இல் வந்த மறுபதிப்பில் அவர்களே அதைக் கைவிட்டார்கள். காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான், தலைமைப் போட்டி என்பது அடைத்து வைத்ததால் வந்த வினை என்று ஓநாய் அறிஞர் டேவிட் மெக் 1999-இல் எழுதினார். ஆனாலும் பழைய கதை கைப்பேசிக் காணொளிகளில் இன்றும் சக்கைப்போடு போடுகிறது. அச்சரப்பாக்கத்து இளைஞர் ஒருவர் குட்டியை மல்லாத்தி, தொண்டையில் கை வைத்து, "நான்தான் பாஸ்னு அதுக்குத் தெரியணும்" என்று எனக்கு விளக்கியிருக்கிறார். குட்டியின் வால் இரண்டு காலுக்கிடையில் வயிற்றோடு ஒட்டியிருந்தது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மெகன் ஹெரனும் சக ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கைகொடுக்கும். நடத்தைக் கோளாறுக்குச் சிகிச்சை தேடி வந்த 140 நாய்களின் உரிமையாளர்களை, எந்த முறையைக் கையாண்டீர்கள், அதற்கு நாய் என்ன செய்தது என்று கேட்டார்கள். அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 விழுக்காட்டினரிடம் நாய் திருப்பி மூர்க்கம் காட்டியிருந்தது. மல்லாத்தி அழுத்தியவர்களில் 31 விழுக்காடு. பரிசு கொடுத்துப் பழக்கியவர்களிடம் அப்படி நேர்ந்தது மிக அரிது. ஏற்கெனவே தொல்லை கொடுத்த நாய்களே அந்த மருத்துவமனைக்கு வந்தவை என்பதால் இந்த விழுக்காட்டை அப்படியே எல்லா நாய்க்கும் பொருத்தக் கூடாது. ஆனால் ஏற்கெனவே கடிக்கிற நாயிடம்தானே நம் ஆட்கள் கையை ஓங்குகிறார்கள்!

அடியைவிடக் கெடுதல் ஒன்று இருக்கிறது, அதைக் கெடுதல் என்றே யாரும் நினைப்பதில்லை. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து வீட்டுப் பையன் குட்டியின் வாய்க்குள் கையை விட்டு ஆட்டுவான். "புடி, புடி, உடாத!" அது கவ்வி உறுமினால் சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். நல்ல காவல் நாயாக வரும் என்று தாத்தா சான்றிதழ் தருவார். மறுநாள் காலையில் அதே குட்டி தண்ணீர்க் குடத்தோடு வரும் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தால் விளக்குமாற்றடி. ஒரே செயலுக்குச் சாயங்காலம் கைதட்டல், காலையில் அடி. குட்டி குரைத்து நாய் தலையில் வைத்த கதை என்பார்கள். இங்கே வீடே குரைத்துக் குட்டி தலையில் வைக்கிறது. காவலைப் பொறுத்தவரை பையனைக் கடித்துப் பழகிய குட்டிதான் திருடனைப் பிடிக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்நியர் வந்தால் குரைப்பது நாட்டு நாய்க்குப் பிறவிக்குணம், அதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

சரி, எது பலிக்கும்? பயிற்சியாளர்கள் பல பெயரில் சொன்னாலும் உள்ளடக்கம் உடன்பிறந்த குட்டி செய்ததேதான்: பல் பட்டால் விளையாட்டு நிற்கும். பட்ட கையை வெடுக்கென்று உருவக் கூடாது. ஓடுகிற கை இரைபோல இருப்பதால் குட்டி இன்னும் வேகமாகத் தாவும். கையைத் தளர விட்டு, பேச்சையும் பார்வையையும் நிறுத்தி, விடவில்லையென்றால் எழுந்து கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். அரை நிமிடம் போதும். அதற்கு மேல் நீட்டினால் எதற்குத் தண்டனை என்பதைக் குட்டி மறந்துவிடும். திரும்பி வந்து பழையபடி விளையாட வேண்டும். மறுபடி பல் பட்டால் மறுபடி எழுந்து போக வேண்டும். முதல் சில நாட்கள் எழுந்து உட்கார்ந்தே இடுப்பு விட்டுப்போகும்.

கடிபட்டவர் குட்டிபோலவே கீச்சிட வேண்டும் என்றும் ஒரு யோசனை பரவலாக உண்டு. சில குட்டிகள் திடுக்கிட்டு விடும். சில குட்டிகளோ அந்தச் சத்தத்தில் குஷியாகி இரண்டு மடங்கு பாயும். இரண்டொரு முறை செய்து பார்த்தாலே உங்கள் குட்டி எந்த ரகம் என்று தெரிந்துவிடும். பாயும் ரகமென்றால் அந்த யோசனையை அன்றே விட்டுவிடலாம். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இது முக்கியம், ஏனென்றால் குழந்தை கீச்சிடுவதோடு ஓடவும் செய்யும். கொலுசு போட்ட சிறுமியைக் குட்டி துரத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அவள் நடந்தால் 'சல்' என்று ஒரு சத்தம், குட்டியின் இரண்டு காதும் நிமிரும். ஓடினால் சத்தம் கூடும், குட்டி கணுக்காலை நோக்கித் தரையோடு தரையாகப் போகும். அவள் நின்றால் கொலுசும் நிற்கும். அரை விநாடி தயங்கிவிட்டு அது பாவாடை விளிம்பை முகரும். அந்த அரை விநாடிதான் பெரியவர்கள் உள்ளே நுழைய வேண்டிய இடம். முடிச்சுப் போட்ட பழைய வேட்டித் துணியை அதன் மூக்குக்கு முன்னால் தரையில் இழுத்தால் கணுக்காலை விட்டுத் துணியைக் கவ்விக்கொள்ளும். அதை மெச்ச வேண்டும். நிற்கவும் துணியைப் போடவும் கற்றுக்கொண்ட எட்டு வயதுச் சிறுமி, வேப்பெண்ணெய் தடவிய அப்பாவைவிட நன்றாகக் குட்டியைப் பழக்குவாள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தையையும் குட்டியையும் ஒன்றாக விட்டுவிட்டுப் பெரியவர் அடுப்படிக்குப் போகவே கூடாது.

பல் மாறும் மாதங்களில் ஈறு ஊறும், எதையாவது மென்றே தீரும். நனைத்துப் பிழிந்து குளிர்பெட்டியில் வைத்த துணி முடிச்சு, குளிர்ந்த கேரட், கெட்டியான ரப்பர்ப் பந்து போதும். வேக வைத்த கோழி எலும்பு வேண்டாம், சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். பழைய செருப்பைக் கடிக்கக் கொடுத்துவிட்டுப் புதுச் செருப்பைக் கடித்ததற்கு அடிப்பவர்களைப் பற்றி என்ன சொல்ல! குட்டிக்குச் செருப்பில் பழசும் புதுசும் ஏது?

தூக்கத்தைப் பற்றி நம்மூரில் யாரும் நினைப்பதே இல்லை. இரண்டு மாதக் குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் தூங்க வேண்டியது. கடைத்தெரு வீட்டில், ஆள் மாற்றி ஆள் தூக்கிக் கொஞ்சுகிற இடத்தில் அது நடப்பதில்லை. தூக்கம் கெட்ட குழந்தை சாயங்காலம் காரணமில்லாமல் அடம்பிடிப்பதுபோல, குட்டியும் விளக்கு வைக்கும் நேரத்தில் வெறித்தனமாக ஓடிக் கண்டதையெல்லாம் கடிக்கும். "சாயங்காலமானா பேய் புடிச்ச மாதிரி ஆயிடுது" என்று சொல்லும் வீடுகளில் பாதிக்கு மேல் மருந்து ஒரு நிழலான மூலையும் யாரும் தொடாத இரண்டு மணி நேரமும்தான். சித்திரை, வைகாசியில், தகரக் கூரைக்கடியில் கட்டிப் போட்ட குட்டிக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

இதுவரை சொன்னவற்றில் அறிஞர்களுக்குள் பெரிய சண்டை இல்லை. உண்மையான கருத்து வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது, நம் நாட்டில் அது உயிர்ப் பிரச்சினை. 1980-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் குட்டிகளுக்கென்று வகுப்பு தொடங்கிய பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் இயன் டன்பாரின் போதனை இது: குட்டி வாயே வைக்கக் கூடாது என்று எடுத்தவுடன் தடுக்காதீர்கள். முதலில் கடியின் அழுத்தத்தைக் குறைக்கக் கற்றுக்கொடுங்கள், பிறகு கடிக்கும் தடவைகளைக் குறையுங்கள். வாயை மென்மையாக வைக்கத் தெரிந்த நாய், பிற்காலத்தில் வாலை யாரேனும் மிதித்து வலியில் கடித்தாலும் தோல் கிழியாது. கடிக்கவே விடாமல் வளர்த்த நாய்க்கு அந்த அளவு தெரியாது, அது கடிக்கிற முதல் கடியே முழுக் கடியாக இருக்கும். வாதம் அழகானது. அதன்படி நடக்க வேண்டுமானால் வாரக்கணக்கில் குட்டி நம் கையைக் கவ்வ விட வேண்டும்.

வெறிநோய் ஒழிந்த நாட்டில் அது சரி. இங்கே? சென்னையில் உள்ள தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனம் 2022, 2023-ஆம் ஆண்டுகளில் நாடு முழுக்க வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆண்டுக்கு 91 லட்சம் பேர் விலங்குக் கடிக்கு ஆளாகிறார்கள், நாலில் மூன்று நாய்க்கடி. வெறிநோயால் ஆண்டுக்குச் சுமார் 5,700 பேர் சாகிறார்கள். குட்டிக்கு முதல் வெறிநோய்த் தடுப்பூசி போடுவதோ மூன்று மாதம் நிறைந்த பிறகு. ஆக, மென்வாய்ப் பாடம் படிக்க வேண்டிய வாரங்களும் தடுப்பூசி இல்லாத வாரங்களும் ஒன்றேதான். குட்டிக்கு வெறி பிடிக்காது என்பது நம் மக்களிடம் வேரூன்றிய நம்பிக்கை. அது தவறு. தெருவில் வெறிநாய் கடித்த குட்டிக்கும் நோய் வரும், அது வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்துக்கூட வெளிப்படலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில், மூடாத தோலைப் பல்லால் கவ்வியதும் ரத்தம் வராத சிறு கீறலும் இரண்டாம் வகை: தடுப்பூசி தேவை. ரத்தம் வந்தாலும், ஏற்கெனவே உள்ள புண்ணில் எச்சில் பட்டாலும் மூன்றாம் வகை: தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் தேவை. செல்லக்கடி என்று தனி வகை எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை.

இந்த அச்சத்துக்கு நம் மாநிலத்தில் நூற்றாண்டு வரலாறு உண்டு. 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். தென்னிந்தியாவில் அதற்கு மருந்தே இல்லாத காலம். அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் கொடுத்த நன்கொடையில் 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் எழுந்தது. பின்னாளில் நாடெங்கும் பரவியது, டேவிட் செம்பிள் 1911-இல் கசௌலியில் உருவாக்கிய, ஆட்டு மூளையிலிருந்து எடுக்கும் தடுப்பூசி. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று நம் பாட்டிமார் நடுங்கியது அதைப் பார்த்துத்தான். அதன் பயன்பாடு 2004-ஆம் ஆண்டோடு இந்தியாவில் முடிவுக்கு வந்தது. இப்போது தோலுக்குள் மிகச் சிறு அளவில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுகிறார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இலவசம். ஊசிக்குப் பயந்து மஞ்சளோ சுண்ணாம்போ காப்பித்தூளோ அப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். செய்ய வேண்டியது, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு மதுராந்தகத்துக்கோ செங்கல்பட்டுக்கோ கிளம்புவது. (செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் வெறிநோய்த் தடுப்பூசி உட்படப் பலவற்றைத் தயாரிப்பதற்கென்றே ஒன்றிய அரசு பெரும் வளாகம் கட்டியது. அது வேலையில்லாமல் கிடந்தது 2021-இல், கொரோனா ஊசிக்குத் தவித்தபோதுதான் பலருக்குத் தெரிந்தது.) கடித்த நாயோ குட்டியோ பத்து நாள் நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் நோய் இருந்திருக்காது. அதற்காக ஊசியைத் தள்ளிப்போடாமல், முதல் ஊசியைப் போட்டுக்கொண்டே குட்டியைக் கவனிக்க வேண்டும். நூலகத்திலும் இணையத்திலும் கிடைக்கும் ஆங்கிலப் பயிற்சி நூல்களில் இந்த அத்தியாயமே இருக்காது.

அதனால் டன்பாரின் வரிசையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பது என் கணிப்பு. தாய் யார், அதற்கு ஊசி போட்டிருக்கிறதா, குட்டி பிறந்ததிலிருந்து சுற்றுச்சுவருக்குள் இருந்ததா என்று தெரிந்த வீட்டுக் குட்டியானால் அவர் வழியில் போகலாம். தெருவிலிருந்து வந்த குட்டிக்கு முதல் நாள் முதலே தோலில் பல் கூடாது, துணியில் மட்டும்தான் என்பதே நல்லது. மென்வாய்ப் பாடம் போய்விடுமே என்றால், அதை ஊசி போட்டுக்கொள்ளத் தேவையில்லாத உடன்பிறப்புகளின் காதில் படிக்கட்டும். எட்டு வாரம் கொல்லையில் தாயோடு விடுவதன் இன்னொரு லாபம் இது. தாமதமாக எடுத்தால் ஒட்டாது என்ற பயமும் வேண்டாம். கொல்கத்தா குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ந்த தெருநாய்களே மீண்டும் மீண்டும் பழகும்போது தீனி கொடுத்தவரைவிடத் தடவிக் கொடுத்தவரை அதிகம் நம்பின. இரண்டு மாதக் குட்டி ஒட்டாமல் போகுமா?

விளையாட்டுக் கடியும் பயக் கடியும் ஒன்றல்ல என்பதையும் இங்கே பிரித்துவிட வேண்டும். விளையாடும் குட்டியின் உடம்பு தளர்ந்து குழையும், வால் இடுப்போடு சேர்ந்து ஆடும். பயந்த குட்டி விறைக்கும், வாலை இடுக்கும், தலையைத் திருப்பாமல் கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும், உறுமும். சோற்றுத் தட்டருகே, தூக்கத்தில் எழுப்பும்போது, அடிபட்ட காலைத் தொடும்போது வருவது பெரும்பாலும் இந்த ரகம். உறுமியதற்கு அடித்தால் அடுத்த முறை உறுமாமல் கடிக்கும், எச்சரிக்கை மணியை நாமே கழற்றிவிட்டதாகிவிடும். தட்டைப் பிடுங்கிப் பிடுங்கிப் பழக்குகிறேன் என்பவர்களுக்கு எதிர்வழி ஒன்று சொல்லலாம்: சாப்பிடும்போது பக்கத்தில் போய் ஒரு மீன் துண்டைத் தட்டில் போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஆள் கிட்டே வந்தால் நல்லது நடக்கும் என்று அது தெரிந்துகொள்ளட்டும்.

இந்த முறைகளெல்லாம் தோற்பது பெரும்பாலும் முறையில் உள்ள கோளாறால் அல்ல. கூட்டுக் குடும்பத்தில் குட்டிக்கு ஆறேழு எஜமானர்கள். அம்மா எழுந்து போவார், தாத்தா "புடி" என்பார், விடுமுறைக்கு வந்த சித்தப்பா மூக்கில் சுண்டுவார். எப்போதாவது ஒருமுறை பலிக்கிற செயலை விலங்கு எளிதில் விடாது என்பது உளவியலாளர் ஸ்கின்னர் காலத்திலிருந்தே சோதனைச்சாலையில் நிலைபெற்ற உண்மை. ஐந்து பேர் நிறுத்தி ஒருவர் மட்டும் விளையாடினால் கடி நிற்காது, இன்னும் பிடிவாதமாகும். குட்டி வந்த அன்றே வீட்டார் கூடிப் பேசி, பல் பட்டால் எல்லாரும் ஒன்றையே செய்வது என்று முடிவெடுப்பது எந்தப் பயிற்சியாளருக்குக் கொடுக்கும் பணத்தையும்விடப் பெறுமதியானது. தாத்தாவைச் சம்மதிக்க வைப்பதுதான் இதில் கடினமான பயிற்சி.

ஊசிக் கணக்கும் சுருக்கமானதுதான். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் உள்ளிட்ட நோய்களுக்கான கூட்டு ஊசி, பிறகு மறு ஊசி. மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்க்கு, அதற்குப் பிறகு ஆண்டுதோறும். 1885 ஜூலை 6-ஆம் தேதி லூயி பாஸ்டர் மனிதருக்கு முதல் வெறிநோய்த் தடுப்பூசி போட்டதன் நினைவாகக் கடைப்பிடிக்கும் விலங்குவழி நோய் தினத்தில், அரசு கால்நடை மருத்துவமனைகளில் நாய்களுக்கு இலவசமாகப் போடுவது தமிழ்நாட்டில் வழக்கம். மார்கழியில் பிறந்த குட்டிக்கு அதற்குள் ஆறு மாதமாகிவிடும், எனவே அதுவரை காத்திருக்கக் கூடாது. பங்குனியிலேயே போட்டுவிட்டு, ஜூலையை மறு ஆண்டுகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பல் மாறி முடிந்து, எட்டு மாதம் தாண்டியும் கடிக்கிற நாயைக் குட்டிச் சேட்டை என்று இனியும் சொல்ல முடியாது. அதற்கு முதலில் கால்நடை மருத்துவர்தான் தேவை. காது சீழ், பல் வலி, மூட்டு வலி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதுவுமில்லையென்றால் வெளியே கூட்டிப் போகையில் வாய்மூடி, வீட்டில் அந்நியர் வரும் நேரத்தில் மூடிய கதவு, அடியை அறவே நிறுத்துவது, கிட்டே வருகிறவர் கையிலிருந்து தீனி என்று முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இது மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. பலர் இந்த நிலையில்தான் நாயை இரவோடு இரவாக மூட்டையில் கட்டி ஏரிக்கரையிலோ நெடுஞ்சாலையிலோ இறக்கிவிட்டு வருகிறார்கள். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-இன்படி அது குற்றம். மனிதரைக் கடித்துப் பழகிய, ஊசி பாக்கி உள்ள ஒரு நாய் அன்றிலிருந்து பக்கத்து ஊரின் தெருநாய்க் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.